கணிதச் சூத்திரங்களும் கொங்கு நாட்டுத் தொழில்களும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோவை, திருப்பூர், ஈரோடு, நாமக்கல், கரூர் மாவட்டங்களில் தோட்டமும் பட்டறையும் மில்லும் லாரியும் வைத்திருப்போரும், அந்த வீடுகளிலிருந்து கல்லூரிக்குப் போகும் பிள்ளைகளும் பழைய கணிதச் சூத்திரங்களைப் பற்றித் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கான விடைகள் இங்கே தொகுக்கப்பட்டுள்ளன. ஒரு சூத்திரம் என்ன சொல்கிறது என்பதைவிட, அது எந்த நிபந்தனையின் மேல் நிற்கிறது என்பதற்கே அதிக இடம் ஒதுக்கியிருக்கிறோம். தொழிலில் பணம் போவது பெரும்பாலும் சூத்திரம் தெரியாததால் அல்ல. தெரிந்த சூத்திரத்தைப் பொருந்தாத இடத்தில் போட்டுப் பார்ப்பதால்தான்.

மனையில் மூலை பிடிக்கும்போது மேஸ்திரி 3, 4, 5 என்று அளப்பது எதற்காக?

செங்கோணத்தை அடுத்த இரண்டு பக்கங்களின் வர்க்கங்களைக் கூட்டினால் கர்ணத்தின் வர்க்கம் கிடைக்கும் என்பது பிதாகரஸ் தேற்றம். மேஸ்திரி பயன்படுத்துவது அதன் மறுதலையை. மூலையில் முளை அடித்து, ஒரு கயிற்றில் 3 அடியும் மற்றொன்றில் 4 அடியும் குறித்து, இரண்டு குறிகளுக்கும் இடையே 5 அடி வரும்வரை கயிற்றை நகர்த்தினால், அந்த மூலை 90 பாகையாக நின்றுவிடும். பிதாகரஸுக்குப் பல நூற்றாண்டுகள் முன்பே, கி.மு. 1800 அளவில், பாபிலோனியர் இத்தகைய எண் மும்மைகளைக் களிமண் பலகையில் எழுதி வைத்திருந்தனர். வேள்வி மேடை கட்டுவோருக்காக எழுதப்பட்ட போதாயனரின் சுல்ப சூத்திரமும் கயிற்றை வைத்தே இந்த உண்மையைச் சொல்கிறது.

வீட்டு மனைக்கு 3, 4, 5 அடி மிகவும் சிறியது; குறியில் அரை அங்குலம் பிசகினால் நீண்ட சுவரின் கடைசியில் அது பல மடங்காகப் பெருகும். ஆகவே வானம் (அஸ்திவாரம்) தோண்டும் முன்பு 9, 12, 15 அடி வைத்துப் பார்த்துவிட்டு, முழு மனையின் இரண்டு மூலைவிட்டங்களையும் தனியாக அளப்பது நல்லது. 30 அடிக்கு 40 அடி மனையில் மூலைவிட்டம் சரியாக 50 அடி இருக்க வேண்டும். அது 50 அடி 3 அங்குலமாக இருந்தால், மூலை ஏறத்தாழ 90.6 பாகைக்கு விரிந்திருக்கிறது என்று பொருள். அதாவது 40 அடிச் சுவரின் மறுமுனை 5 அங்குலம் வெளியே போய்விட்டது. மூன்று அங்குலம்தானே என்று விட்டுவிட்டால், தரையில் டைல்ஸ் ஒட்டும் நாளில் அந்த ஐந்து அங்குலம் கண்ணுக்குத் தெரியும்.

பெரிய பக்கத்தை எட்டுக் கூறாக்கி ஒன்றைத் தள்ளி, சிறிய பக்கத்தில் பாதியைச் சேர்த்தால் கர்ணம் வரும் என்ற தமிழ்க் கணக்கு உண்மையா? வர்க்கமூலமே தேவையில்லையா?

இந்தக் கேள்வி அடிக்கடி வருகிறது. விரிவாகப் பார்க்கத் தகுந்தது. பக்கங்கள் 4, 3 என்று எடுத்துக்கொண்டால், 4-ல் எட்டில் ஏழு பங்கு 3.5, 3-ல் பாதி 1.5, கூட்டினால் 5. பக்கங்கள் 12, 5 என்றால் 10.5-உம் 2.5-உம் சேர்ந்து 13. இரண்டும் துல்லியமானவை. இதைப் பார்த்தவுடன் வர்க்கமூலத்தையே தமிழர் தேவையற்றதாக்கிவிட்டனர் என்று பலர் எழுதிவிடுகிறார்கள்.

ஆனால் 15, 8 என்று போட்டுப் பாருங்கள். இந்த வழியில் 17.125 வருகிறது; உண்மையான கர்ணம் 17. சதுரத்தில், பக்கம் 1 என்றால், இந்த வழி 1.375 தருகிறது, சரியான மதிப்பு 1.414, ஆகவே ஏறத்தாழ 2.8 விழுக்காடு குறைகிறது. பக்கங்கள் 10, 1 என்றால் விடை 9.25 ஆகிறது. கர்ணம் நீண்ட பக்கத்தைவிடவே சிறியதாகிவிட்டது. அப்படி ஒரு முக்கோணமே கிடையாது. சிறிய பக்கம் பெரிய பக்கத்தின் காற்பங்குக்குக் குறையும்போதெல்லாம் இந்த முரண் வரும். இந்த விதியையும் பிதாகரஸ் தேற்றத்தையும் சமன்படுத்தித் தீர்த்தால், இரண்டும் ஒத்துப்போவது இரண்டே விகிதங்களில்தான் என்று தெரியவரும்: ஒன்று 3-க்கு 4, மற்றொன்று 5-க்கு 12. அந்த இரண்டுக்கும் இடைப்பட்ட விகிதங்களில் பிழை ஒரு விழுக்காட்டுக்குள் அடங்குகிறது.

ஆகவே இதை உருவாக்கியவரை நாம் மதிக்க வேண்டிய காரணம் வேறு. பேனாவும் பட்டியலும் இல்லாத இடத்தில், அரையும் அரைக்காலும் மட்டுமே கொண்டு, தொழிலுக்கு வேண்டிய விகிதங்களில் மிக நெருங்கிய விடை தரும் வழியை அவர் தேர்ந்திருக்கிறார். தோராய வழியைத் தோராய வழி என்று சொல்வதில் அதற்கு ஓர் இழிவும் இல்லை. அதை எல்லா முக்கோணத்துக்கும் பொருந்தும் தேற்றம் என்று பிள்ளைகளுக்குச் சொல்வதுதான் தீங்கு.

எதிரெதிர்ப் பக்கங்களின் சராசரியைப் பெருக்கித் தோட்டத்தின் பரப்பைச் சொல்கிறார்களே, அது சரியா?

செவ்வக நிலத்துக்கு மட்டுமே சரி. மற்ற எல்லா வடிவங்களிலும் அது உண்மைப் பரப்பைவிடக் கூடுதலாகவே காட்டும். ஒருபோதும் குறைத்துக் காட்டாது. நிலம் வாங்குவோர் நினைவில் வைக்க வேண்டியது இது.

ஓர் எடுத்துக்காட்டு. நான்கு பக்கங்களும் வரிசையாக 200, 150, 180, 170 அடி. எதிர்ப்பக்கங்களின் சராசரி 190, 160. பெருக்கினால் 30,400 சதுர அடி. ஒரு சென்ட் 435.6 சதுர அடி என்பதால் இது 69.8 சென்ட். இனி, முதல் பக்கமும் இரண்டாம் பக்கமும் சேர்ந்து தாங்கும் மூலைவிட்டத்தையும் அளக்கிறோம். அது 240 அடி என்றால், நிலம் இரண்டு முக்கோணங்களாகப் பிரிகிறது. முக்கோணத்தின் பரப்புக்கு, கி.பி. முதல் நூற்றாண்டில் அலெக்சாண்டிரியாவில் வாழ்ந்த ஹெரானின் சூத்திரம் இருக்கிறது: மூன்று பக்கங்களையும் கூட்டிப் பாதியாக்கி, அந்தப் பாதியிலிருந்து ஒவ்வொரு பக்கத்தையும் கழித்து, பாதியையும் மூன்று மீதிகளையும் பெருக்கி வர்க்கமூலம் எடுக்க வேண்டும். முதல் முக்கோணம் 14,950 சதுர அடி, இரண்டாவது 15,272 சதுர அடி. ஆக மொத்தம் 69.4 சென்ட். வேறுபாடு சொற்பம்தான்.

அதே நான்கு பக்கங்கள், ஆனால் மூலைவிட்டம் 290 அடி என்று வைத்துக்கொள்வோம். நிலம் சாய்ந்து கிடக்கிறது. இப்போது முக்கோணங்கள் 13,994-உம் 14,199-உம் ஆகின்றன, மொத்தம் 64.7 சென்ட். சராசரிக் கணக்கோ இன்னும் 69.8 என்றே சொல்லிக்கொண்டிருக்கிறது. ஐந்து சென்ட் காற்றில் போய்விட்டது. பல்லடம், அவினாசிப் பக்கம் இன்று சென்ட் விலை பேசுவோருக்கு ஐந்து சென்ட்டின் அருமையைச் சொல்ல வேண்டியதில்லை.

நான்கு பக்க அளவுகள் மட்டும் ஒரு நிலத்தைத் தீர்மானிப்பதில்லை என்பதே இதன் உட்பொருள். பிரம்மகுப்தர் 628-இல் எழுதிய நூலில் சராசரி வழியைத் தோராயம் என்றும், அரைச் சுற்றளவிலிருந்து நான்கு பக்கங்களையும் கழித்துப் பெருக்கி வர்க்கமூலம் எடுப்பதை நுட்பமானது என்றும் இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் சொல்லியிருக்கிறார். அந்த நுட்பமான சூத்திரமும் நான்கு மூலைகளும் ஒரே வட்டத்தின் மேல் அமையும் நிலத்துக்கே பொருந்தும். நம் எடுத்துக்காட்டில் அது 69.6 சென்ட் தருகிறது, அந்தப் பக்கங்களைக் கொண்டு அடையக்கூடிய உச்சப் பரப்பு அதுதான். சர்வேயரின் புலப்படத்தில் குறுக்குக் கோடுகள் இருப்பது இந்தக் காரணத்துக்காகவே. அவர்களுடைய பழைய சங்கிலி 66 அடி. ஒரு சதுரச் சங்கிலி 4,356 சதுர அடி, அதாவது சரியாக 10 சென்ட்.

மிகப் பெரிய தூரங்களுக்கும் இதே முக்கோணக் கணக்குதானா?

ஒரு பக்கமும் இரண்டு கோணங்களும் தெரிந்தால் மற்றப் பக்கங்களைத் தரும் சைன் விதியைக் கொண்டுதான் வில்லியம் லாம்டன் 1802-இல் சென்னைப் பரங்கிமலைக்கு அருகே ஓர் அடிக்கோட்டை அளந்து இந்தியாவின் பெரும் முக்கோண அளவையைத் தொடங்கினார். 78-ஆம் தீர்க்கரேகையை ஒட்டி அமைந்த அந்த முக்கோண வரிசை கொங்கு நாட்டின் வழியாகவே குமரி முனைக்குச் சென்றது. அத்தனை பெரிய முக்கோணத்தில் மூன்று கோணங்களின் கூட்டுத்தொகை 180 பாகையைத் தாண்டிவிடும், ஏனென்றால் பூமி தட்டையல்ல; ஏறத்தாழ 195 சதுர கிலோமீட்டருக்கு ஒரு வினாடி (ஒரு பாகையில் 3,600-இல் ஒரு பங்கு) வீதம் கூடும். உங்கள் தோட்டத்துக்கு இந்தத் திருத்தம் தேவையில்லை.

கிணற்றில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்று எப்படிக் கணக்கிடுவது? 22/7 போதுமா?

ஆரத்தின் வர்க்கத்தைப் பையால் (π) பெருக்கி, நீரின் ஆழத்தால் பெருக்க வேண்டும். 20 அடி விட்டமுள்ள வட்டக் கிணற்றில் ஓர் அடி நீர் என்பது 314 கன அடி. ஒரு கன அடி 28.3 லிட்டர் என்பதால் ஏறத்தாழ 8,900 லிட்டர். 22/7 வைத்தால் இதில் மூன்றரை லிட்டர் கூடுதலாக வரும், அவ்வளவே. கிணற்றுக்கு 22/7 தாராளமாகப் போதும். 499-இல் ஆரியபட்டர் தந்த 3.1416 இன்னும் நெருக்கமானது. பதினான்காம் நூற்றாண்டில் கேரளத்தின் சங்கமகிராம மாதவர் முடிவிலாத் தொடர் வழியாகப் பத்துத் தசம இடங்களுக்கு மேல் சென்றார்.

ஆழ்துளைக் கிணற்றில் இதே சூத்திரம் வேறொரு பாடத்தைத் தருகிறது. ஆறரை அங்குலக் குழியில் ஓர் அடிக்கு 6.5 லிட்டர்தான் நிற்கும். நூறு அடிக்கு 650 லிட்டர். திருச்செங்கோட்டு ரிக் வண்டியைக் கூப்பிட்டு மேலும் 300 அடி இறக்கினால், குழியில் தேங்கக் கூடுதலாகக் கிடைக்கும் இடம் 2,000 லிட்டருக்கும் குறைவு. அதை மோட்டார் சற்று நேரத்தில் இறைத்துவிடும். அந்த 300 அடியில் புதிதாக ஊற்று உடைந்ததா என்பதே கேள்வி. அதற்கு எந்தக் கன அளவுச் சூத்திரமும் விடை சொல்லாது.

ஈரோட்டில் பிறந்த ராமானுஜனின் சூத்திரம் ஏதாவது நம் பட்டறைகளில் பயன்படுமா?

பயன்படும். இதைச் சொல்லும் வாய்ப்புக்காகவே இந்தப் பக்கத்தை எழுதத் தோன்றியது என்றுகூடச் சொல்லலாம்.

ஸ்ரீனிவாச ராமானுஜன் 1887 டிசம்பர் 22 அன்று ஈரோட்டில் தாய்வழிப் பாட்டி வீட்டில் பிறந்தார், வளர்ந்தது கும்பகோணத்தில். 1914-இல் வெளியான அவருடைய கட்டுரை பையின் மதிப்பை வியக்கத்தக்க வேகத்தில் நெருங்கும் தொடர்களுக்காகப் புகழ்பெற்றது. அதே கட்டுரையில் நீள்வட்டத்தின் சுற்றளவுக்கான ஒரு தோராயச் சூத்திரமும் இருக்கிறது. வட்டத்தின் சுற்றளவைப் போல நீள்வட்டத்தின் சுற்றளவுக்கு எளிய, முழுத் துல்லியமான சூத்திரம் கிடையாது என்பதால் இது தேவைப்படுகிறது.

நாமக்கல் பக்கத்துப் பாடி கட்டும் பட்டறை ஒன்றில் தண்ணீர் டேங்கர் செய்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். டேங்கின் குறுக்குவெட்டு நீள்வட்டம்: அகலம் 2.4 மீட்டர், உயரம் 1.6 மீட்டர், நீளம் 4 மீட்டர். அரை அகலம் 1.2, அரை உயரம் 0.8. பரப்பு எளிது: இரண்டையும் பெருக்கிப் பையால் பெருக்கினால் 3.016 சதுர மீட்டர். நீளத்தால் பெருக்கினால் 12,000 லிட்டருக்குச் சற்று மேல். தகடு எவ்வளவு நீளத்துக்கு வெட்டுவது என்பதில்தான் சிக்கல். வட்டத்தைப் பின்பற்றி இரண்டு அரை அளவுகளையும் கூட்டிப் பையால் பெருக்கினால் 6.283 மீட்டர் வரும். அந்த நீளத்துக்கு வெட்டினால் தகடு சுற்றி வந்து சேரும் இடத்தில் 6 சென்டிமீட்டருக்கு மேல் இடைவெளி நிற்கும்.

ராமானுஜனின் வழி இது. இரண்டு அரை அளவுகளின் கூட்டுத்தொகையை மூன்றால் பெருக்க வேண்டும்: 6. பிறகு மூன்று அரை அகலத்தோடு ஓர் அரை உயரம் சேர்த்தால் 4.4, ஓர் அரை அகலத்தோடு மூன்று அரை உயரம் சேர்த்தால் 3.6, இவ்விரண்டின் பெருக்குத்தொகைக்கு வர்க்கமூலம் 3.97995. இதை 6-இலிருந்து கழித்து மீதியைப் பையால் பெருக்கினால் 6.346 மீட்டர். இந்த அளவுகளில் சூத்திரத்தின் பிழை ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கைக்கூட எட்டுவதில்லை. நீள்வட்டத்தை முழுவதும் நசுக்கித் தட்டையாக்கினாலும் பிழை அரை விழுக்காட்டைத் தாண்டாது. நான்கு செயல்களில் முடியும் ஒரு கணக்குக்கு இத்தனை துல்லியம் இருப்பது உண்மையில் பேரழகு.

இங்கும் நிபந்தனை உண்டு. சூத்திரம் தடிமனில்லாத கோட்டைப் பற்றிப் பேசுகிறது. தகட்டுக்குத் தடிமன் இருக்கிறது. 5 மில்லிமீட்டர் தகட்டில் வெளி அளவை வைத்துக் கணக்கிட்டுவிட்டால் நீளம் ஏறத்தாழ 16 மில்லிமீட்டர் கூடிவிடும். ஆகவே அரை அகலத்தையும் அரை உயரத்தையும் தகட்டின் நடுத் தடிமன் வரை எடுத்துக்கொண்டு கணக்கைத் தொடங்க வேண்டும்.

டேங்கர் ஓட்டுவோருக்கும் ஒரு செய்தி. அளவுகோலில் பாதி உயரம் என்றால் பாதித் தண்ணீர்தான். ஆனால் கால் உயரம் என்பது கால் பங்கு அல்ல, 19.6 விழுக்காடுதான். இந்த டேங்கில் 3,000 லிட்டர் என்று எண்ணும் இடத்தில் ஏறத்தாழ 2,350 லிட்டரே இருக்கும்.

ராமானுஜனின் பெரிய கண்டுபிடிப்புகளுக்கு நடைமுறைப் பயன் உண்டா?

4 என்ற எண்ணை நேர்முழு எண்களின் கூட்டலாக ஐந்து வகையில் எழுதலாம்: 4, 3+1, 2+2, 2+1+1, 1+1+1+1. 200-ஐ எத்தனை வகையில் எழுதலாம்? 3972999029388 வகையில். இத்தகைய எண்ணிக்கைகளை நேரே நெருங்கும் சூத்திரத்தை ராமானுஜனும் ஆங்கிலேயக் கணித அறிஞர் ஹார்டியும் 1918-இல் தந்தனர். ஒரு குறிப்பிட்ட ஆற்றலைத் துகள்களிடையே எத்தனை வகையில் பகிரலாம் என்ற இயற்பியல் கேள்வியும் இதே வடிவம் கொண்டது என்பதால், அணுக்கருவின் ஆற்றல் நிலைகளை எண்ணுவதிலிருந்து கருந்துளை ஆய்வு வரை அது சென்றிருக்கிறது. இதே வகை எண்ணிக்கைகளைப் பற்றிய ரோஜர்ஸ்–ராமானுஜன் முற்றொருமைகள் 1980-இல் பாக்ஸ்டர் தீர்த்த ஓர் இயற்பியல் மாதிரியில் தேவைப்பட்டன. பயனை எதிர்பார்த்து எழுதப்பட்டவை அல்ல இவை.

பம்ப் செட்டுக்கு எத்தனை எச்.பி. மோட்டார் வேண்டும், என்ன பைப் போடுவது என்பதற்குச் சூத்திரம் உண்டா?

வினாடிக்கு எத்தனை லிட்டர், எத்தனை மீட்டர் உயரம், இரண்டையும் பெருக்கி 9.81-ஆல் பெருக்கினால் தண்ணீருக்குச் சேர வேண்டிய வாட் கிடைக்கும். அதைப் பம்பும் மோட்டாரும் சேர்ந்த திறன் விகிதத்தால் வகுத்து, 746-ஆல் வகுத்தால் எச்.பி. ஆனால் இங்கே உயரம் என்பது கிணற்றின் ஆழம் மட்டுமல்ல. பைப்பில் நீர் உராய்வதால் ஏற்படும் இழப்பையும் உயரமாகவே கணக்கிட்டுச் சேர்க்க வேண்டும், பலர் விட்டுவிடுவது அதைத்தான்.

டார்சி–வெய்ஸ்பாக் சூத்திரத்தின்படி, நீரின் அளவு மாறாதபோது உராய்வு இழப்பு பைப்பின் உள்விட்டத்தின் ஐந்தாம் அடுக்குக்குத் தலைகீழாகப் போகிறது. விட்டத்தைப் பாதியாக்கினால் இழப்பு 32 மடங்கு. ஆற்றோரக் கிணற்றிலிருந்து ஒரு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் மேட்டுக் காட்டுக்கு வினாடிக்கு 5 லிட்டர் கொண்டுபோவதாக வைத்துக்கொண்டு, உராய்வுக் கெழு 0.02 என்று கணக்கிட்டால், 63 மில்லிமீட்டர் உள்விட்டப் பைப்பில் இழப்பு ஏறத்தாழ 41.6 மீட்டர். 75 மில்லிமீட்டரில் 17.4 மீட்டர். 90 மில்லிமீட்டரில் 7 மீட்டர். முதலாவதிலிருந்து இரண்டாவதுக்குப் போவதால் மிச்சமாகும் 24 மீட்டர், பாதித் திறனுடைய பம்பில் 3 எச்.பி.க்கு மேல். விவசாய மின்சாரம் இலவசம் என்பதால் இந்த இழப்பு பில்லில் தெரிவதில்லை. ஆனால் காயில் கட்டும் செலவாகவும், கடைமடைக்கு வராத தண்ணீராகவும் அது வந்து சேர்ந்துவிடுகிறது. பெரிய மோட்டார் வாங்குமுன் பெரிய பைப்பை எண்ணிப் பார்ப்பதே சரி என்பது எங்கள் கருத்து.

கிணற்றின் பாதியில் திண்டு கட்டி மோட்டாரை உள்ளே இறக்கி வைப்பதன் காரணமும் கணக்கில் இருக்கிறது. உறிஞ்சும் பம்ப் தண்ணீரை இழுப்பதில்லை. காற்றழுத்தம்தான் அதை மேலே தள்ளுகிறது. கோவையின் உயரத்தில் அந்த அழுத்தம் தாங்கக்கூடிய நீர்த் தம்பம் 10 மீட்டருக்குச் சற்றுக் குறைவு. உராய்வும் கசிவும் போக நடைமுறையில் 20, 25 அடிக்கு மேல் எதிர்பார்க்க முடியாது.

காற்றாலையில் காற்றின் வேகம் சிறிது கூடினாலே உற்பத்தி ஏன் இவ்வளவு கூடுகிறது?

காற்றின் ஆற்றல் வேகத்தின் கனத்துக்கு, அதாவது மூன்றாம் அடுக்குக்கு, ஏற்ப வளர்கிறது. வினாடிக்கு 6 மீட்டரிலிருந்து 7 மீட்டரானால் 216, 343 ஆகிறது; 59 விழுக்காடு கூடுதல். பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆடிக் காற்று வந்து விழும் உடுமலை, பல்லடம், பூளவாடிப் பகுதிகளில் காற்றாலைகள் குவிந்திருப்பதற்கு இந்தக் கனமே காரணம்.

இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. பாதி நேரம் 4 மீட்டர், பாதி நேரம் 8 மீட்டர் வேகத்தில் காற்று அடித்தால் சராசரி 6 மீட்டர். அதன் கனம் 216. உண்மையில் கிடைப்பதோ 64, 512 ஆகியவற்றின் சராசரியான 288. சராசரி வேகத்தை மட்டும் வைத்து இடத்தை மதிப்பிடுவோர் நாலில் ஒரு பங்கை இப்படித் தவறவிடுவார்கள். இறக்கை எவ்வளவு நன்றாக அமைந்தாலும் காற்றின் ஆற்றலில் 27-இல் 16 பங்குக்கு மேல் எடுக்க முடியாது என்பது ஜெர்மன் இயற்பியலாளர் பெட்ஸ் காட்டிய எல்லை.

நூல் மில்லிலும் பனியன் கம்பெனியிலும் வர்க்கமூலத்துக்கு என்ன வேலை?

நூலின் நம்பர் என்பது ஒரு பவுண்டு நூலில் 840 கஜச் சிட்டம் எத்தனை இருக்கிறது என்பது. 40-ஆம் நம்பர் என்றால் பவுண்டுக்கு 33,600 கஜம். நம்பர் கூடக் கூட நூல் மெலியும். எடை குறுக்குவெட்டின் பரப்பைப் பொறுத்தது, பரப்போ விட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால், விட்டம் நம்பரின் வர்க்கமூலத்துக்குத் தலைகீழாகக் குறைகிறது. 10-ஆம் நம்பரைவிட 40-ஆம் நம்பரின் விட்டம் நாலில் ஒன்று அல்ல, பாதி.

இனி முறுக்கு. நூலின் மேல் இழைகள் சாய்ந்து ஓடும் கோணம் மாறாமல் இருந்தால்தான் தன்மை மாறாது. விட்டம் பாதியானால் அதே கோணத்துக்கு அங்குலத்துக்கான முறுக்கு இரட்டிப்பாக வேண்டும். ஆகவே முறுக்கு நம்பரின் வர்க்கமூலத்தோடு வளர்கிறது. அதைப் பெருக்கும் எண்ணே மில்களில் சொல்லப்படும் ட்விஸ்ட் மல்டிப்ளையர். பனியனுக்கான 30-ஆம் நம்பரில் அது 3.5 என்றால் அங்குலத்துக்கு 19.2 முறுக்கு. நெசவுப் பாவுக்கு 4-க்கு மேல் வைப்பார்கள், அங்கே வலிமை முதன்மை; பனியனுக்கு மென்மை முதன்மை. ஸ்பிண்டில் வேகத்தை முறுக்கால் வகுத்தால் நூல் வெளிவரும் வேகம் கிடைப்பதால், முறுக்கை 5 விழுக்காடு கூட்டினால் உற்பத்தியும் ஏறத்தாழ அதே அளவு விழும்.

திருப்பூரில் துணியின் ஜிஎஸ்எம், அதாவது ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம் என்று பார்க்க வட்டமான கட்டரால் ஒரு துண்டு வெட்டி, தராசில் வைத்து, கிராமை நூறால் பெருக்குகிறார்கள். அந்தக் கட்டரின் விட்டம் ஏன் 11.28 சென்டிமீட்டர் என்ற விசித்திர அளவில் இருக்கிறது? அந்த விட்டத்தில்தான் வட்டத்தின் பரப்பு சரியாக 100 சதுர சென்டிமீட்டர் ஆகிறது, அதாவது சதுர மீட்டரில் நூறில் ஒரு பங்கு. கட்டர் தேய்ந்தோ ஆடியோ விட்டம் 11.4 ஆகிவிட்டால் பரப்பு 2 விழுக்காடு கூடும். 180 ஜிஎஸ்எம் துணி ஏறத்தாழ 184 என்று காட்டும். துணியில் குறை தேடுமுன் கட்டரை அளந்து பார்ப்பது நல்லது.

இறக்கத்தில் லாரியை நியூட்ரலில் விடக்கூடாது என்பதற்குக் கணக்கு உண்டா?

நிறுத்தும் தூரம் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது: 40 கிலோமீட்டர் வேகத்தில் பிரேக் பிடித்து 12 மீட்டரில் நிற்கும் வண்டி, அதே பிரேக்கில், 80-இல் 48 மீட்டர் ஓடிவிடும். இறக்கத்தில் வேறொன்றும் சேர்கிறது. 30 டன் லாரி 100 மீட்டர் உயரம் இறங்கும்போது வெளிப்படும் ஆற்றல், அதே லாரியை 80 கிலோமீட்டர் வேகத்திலிருந்து நிறுத்தத் தேவையானதைப்போல் நான்கு மடங்கு; 100 லிட்டர் தண்ணீரை 30 பாகையிலிருந்து கொதிக்க வைக்கப் போதுமான வெப்பம். தொப்பூர்க் கணவாய் போன்ற இடத்தில் கியரைக் குறைத்து எஞ்சினைத் தடையாக்காவிட்டால், இவ்வளவு வெப்பமும் பிரேக் டிரம்மிலேயே இறங்கும். சூடேறிய பிரேக் பிடிக்காது.

ஃபிளாட் வட்டி 12 விழுக்காடு என்று வாங்கிய கடனின் உண்மையான வட்டி என்ன?

ஒரு லட்ச ரூபாயை ஃபிளாட் 12 விழுக்காட்டில் வாங்கி 12 தவணையில் கட்டினால் மாதம் 9,333 ரூபாய். அசல் மாதாமாதம் குறைந்துகொண்டே வருகிறது. வட்டியோ முதல் நாள் அசலுக்கே கடைசிவரை போடப்படுகிறது. தவணைகளின் இன்றைய மதிப்பைக் கூட்டும் சூத்திரத்தில் இதைப் போட்டால் மாத வட்டி 1.79 விழுக்காடு, ஆண்டுக்கு ஏறத்தாழ 21.5 என்று வரும். ஊரில் சொல்லும் ரெண்டு வட்டி, அதாவது நூற்றுக்கு மாதம் இரண்டு ரூபாய், ஆண்டுக்கு 24. வட்டியையும் மாதாமாதம் அசலில் சேர்த்தால் 26.8, அப்போது 35 மாதத்தில் கடன் இரட்டிப்பாகும். 72-ஐ ஆண்டு வட்டியால் வகுத்தால் இரட்டிப்பாகும் ஆண்டுகள் கிடைக்கும் என்ற விதி 1494-இல் பாச்சியோலியின் நூலிலேயே இருக்கிறது. இங்கே அது 3 ஆண்டு என்று சொல்லி, சரியான விடையான 35 மாதத்துக்கு மிக அருகில் நிற்கிறது. ஆனால் தவணையில் அடைக்கும் கடனுக்கு அந்த விதி பொருந்தாது. அதற்கு ஒவ்வொரு மாத முடிவிலும் நிற்கும் அசலைப் பட்டியலாகக் கேட்டு வாங்கி, அந்த அசலுக்கு மட்டும் வட்டி போடப்பட்டிருக்கிறதா என்று வரிவரியாகப் பார்க்க வேண்டும்.